குளிசை தந்த சபுறு

அஸர் தொழுகை முடிந்து வெயில் தாழ்ந்ததும் சாய்ந்தமருதுக் கடற்கரைக்கு நடக்க வருபவர்களில் ஒருவராக, அறுபது வயதான ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரை மனதில் வைத்துப் பார்ப்போம். பிறஷருக்கு அட்டெனொலோல் குளிசை எடுக்கிறார். கால் புதையும் மணலில் அரை மணி நேரம் நடந்ததில் சேட்டு முதுகோடு ஒட்டிவிட்டது, மூச்சு வாங்குகிறது. கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய கைக்கடிகாரமோ நிமிடத்துக்கு 92 துடிப்பு என்று காட்டி, இன்னும் வேகமாக நடக்கச் சொல்லி மணிக்கட்டில் அதிர்கிறது. மனிதர் உழைத்தாரா இல்லையா? கடிகாரத்தைக் கேட்டால் இல்லை. சேட்டைக் கேட்டால் ஆம்.

பொய் சொல்வது கடிகாரம்தான், ஆனால் அதன்மேல் குற்றமில்லை. உடம்பு வேலை செய்யத் தொடங்கியதும் அட்ரினலின் ரத்தத்தில் ஏறி, இருதயத்தில் துடிப்பைத் தொடக்கிவைக்கும் சிறு முடிச்சிலுள்ள பீட்டா ஏற்பிகளில் போய் ஒட்ட வேண்டும். அட்டெனொலோல், புரொப்ரனொலோல் போன்றவை பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பதுபோல முந்திப்போய் அங்கே உட்கார்ந்துவிடுகின்றன. பின்னால் வரும் அட்ரினலினுக்கு நிற்கத்தான் இடம். 220இல் வயதைக் கழித்தால் வருவதுதான் ஒருவரின் உச்சத் துடிப்பு என்பது பழைய தோராயக் கணக்கு. வாத்தியாருக்கு அது 160. குளிசை அதில் இருபது முப்பது சதவீதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடும்.

ஆனால் ரத்த ஓட்டம் அதே அளவுக்குக் குறைந்துவிடுவதில்லை. மெல்லத் துடிக்கும் இருதயத்துக்கு நிறைய அவகாசம் கிடைக்கிறது. வாளி நிறைய நிறைய இறைப்பவனைப்போல ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக ரத்தம் தள்ளுகிறது. முழுதாக ஈடுகட்ட முடியாது, அதனால்தான் வழமையைவிட முன்னதாகவே தொடை கனக்கிறது. தசைகளின் ரத்தக்குழாய்களிலும் சுவாசக்குழாய்களிலும் உள்ள ஏற்பிகளையும் சேர்த்து மறிக்கும் புரொப்ரனொலோலில் இந்தக் களைப்பு கொஞ்சம் கூட. அதேநேரம் இருதயக் குழாய் அடைபட்டு, நாலு எட்டு வைத்ததும் நெஞ்சுவலி வருகிறவர் இதே குளிசையோடு முன்னைவிடத் தூரம் நடக்கிறார். இருதயத்துக்குத் தேவையான பிராணவாயு குறைந்துவிடுவதுதான் காரணம். ஸ்கொட்லாந்தின் ஜேம்ஸ் பிளாக் 1960களில் புரொப்ரனொலோலை உருவாக்கியதும் இந்த நோயாளியை நினைத்துத்தான். 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதெல்லாம் இருதயத்தின் கதை. கல்முனைத் தமிழில் இருதயம் வேறு, கல்பு வேறு. இருதயத்துக்குக் கிளினிக் கொப்பி உண்டு. கல்பைப் பற்றி ஜும்ஆ மேடையில்தான் கேட்கலாம். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி இந்தப் பிரிவினையைத் தம் இஹ்யா நூலில் தெளிவாகவே வைத்திருக்கிறார். நெஞ்சின் இடப்பக்கத்துச் சதைப்பிண்டம் மிருகங்களுக்கும் உண்டு, மையித்துக்கும் உண்டு, அதை வைத்தியர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் நிலை. அறிவதும் பதில் சொல்லக் கடமைப்பட்டதும் வேறொரு நுட்பமான பொருள்.

அவருக்கு முக்கால் நூற்றாண்டு முந்திய ஹக்கீம் இப்னு சீனாவோ இரண்டுக்கும் நடுவே ஒரு கதவைக் கண்டிருந்தார். காதல் நோயாளி வாய் திறக்காவிட்டால் நாடியைப் பிடித்தபடி பெயர்களைச் சொல்லிப் பார்க்க வேண்டும். எந்தப் பெயரில் நாடி தடுமாறுகிறதோ அவள்தான். இதே வகைக் குளிசையான பிசோபுரொலோல் எடுக்கும் காதலனிடம் அந்தப் பெரிய ஹக்கீமும் ஏமாந்துதான் போயிருப்பார்!

கேள்வி இங்கேதான் பிறக்கிறது. முன்பெல்லாம் கோபம் வந்தால் நெஞ்சு இடித்து, கை நடுங்கி, வீட்டையே இரண்டாக்கியவர் குளிசைக்குப் பிறகு கொஞ்சம் அடங்கியிருக்கிறார் என்றால், அந்தப் பொறுமை அவருடைய சபுறா, மருந்துக் கம்பனியின் சபுறா?

விளையாட்டு உலகம் இதற்குக் கறாராகப் பதில் சொல்லும். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் வெள்ளியும் வெண்கலமும் வென்ற வடகொரியாவின் கிம் ஜோங்-சு, உடம்பில் புரொப்ரனொலோல் இருந்ததால் இரண்டு பதக்கங்களையும் இழந்தார். கை நடுங்காமல் நிற்பதும் அந்தப் போட்டியின் ஒரு பகுதி, அதைக் கடையில் வாங்கக்கூடாது. அது சரியான சட்டம். ஆனால் போட்டியில் ஒருவனை இன்னொருவனோடு நிறுக்கிறார்கள். மார்க்கத்தில் ஒவ்வொருவரும் அவரவர் சக்திக்குத்தான் கணக்குக் கொடுக்க வேண்டும். தவிரவும், கோபம் வந்தவன் நின்றால் உட்காரட்டும், அதற்கும் அடங்காவிட்டால் படுக்கட்டும் என்ற பொருளில் வரும் நபிமொழியே உடம்பைக் கொண்டு மனதை அமர்த்தும் வழிதானே? உட்காருவது சபுறுக்கு உதவி என்றால் வைத்தியர் தந்த குளிசையும் உதவிதான். அது நெஞ்சின் மேளத்தைத்தான் தணிக்கிறது. சொல்ல வந்த கடுஞ்சொல்லை விழுங்குவது அந்த மனிதரின் வேலையாகவே மிஞ்சுகிறது. (நேர்முகப் பரீட்சைப் பயத்துக்குப் பக்கத்து வீட்டுக் குளிசையைக் கடன் வாங்குகிறவர்களுக்கு இது பொருந்தாது. ஆஸ்துமா இருந்தால் புரொப்ரனொலோல் மூச்சையே அடைக்கும்.)

கடற்கரைக் கணக்கும் அவரவர் சக்திக்குத்தான். பீட்டா தடுப்பு மருந்து எடுப்பவர்கள் நாடி எண்ணிக்கையை நம்பாமல் களைப்பை நம்பி நடக்க வேண்டும் என்றே வைத்தியர்கள் சொல்கிறார்கள். நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது, அதுதான் அளவு. தொழுகையிலும் அப்படித்தான்: தராவீஹில் சஜ்தாவிலிருந்து எழும்போது தலை சுற்றினால் உட்கார்ந்து தொழ மார்க்கத்தில் இடமுண்டு. அந்தச் சலுகையை வெட்கப்படாமல் எடுக்கலாம்.

நோன்பு வருமுன் கிளினிக் கொப்பியோடு டொக்டரை ஒருமுறை காணுங்கள். குளிசையை சஹருக்கு எடுப்பதா இஃப்தாருக்கு எடுப்பதா என்று அவர் சொல்லட்டும். நீங்களாகத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி முன்னைவிட மோசமாகத் திரும்பக்கூடும். சீனி வருத்தமும் உள்ளவர்கள் இன்னொன்றையும் கேட்டு வையுங்கள். நோன்பில் சீனி இறங்கினால் வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்தக் குளிசை மறைத்துவிடும். வியர்வையை மட்டும் மறைக்காது. காரணமில்லாமல் வியர்த்தால் உடனே சீனியைச் சோதித்துப் பாருங்கள், இறங்கியிருந்தால் மஃரிப் வரை காத்திருக்க வேண்டாம்.