இலைக்கு விலை

சமைத்த சோற்றை விற்பது பாவம் என்று நம் பாட்டிமார் நினைத்தார்கள். அரிசியை விற்கலாம், அது பண்டம். உலையில் வெந்து சோறாகிவிட்டால் அது பசித்தவனுடையது. இந்த எண்ணத்தின் மிச்சம் திருச்சியில் ஒரு பெயராக இன்னும் இருக்கிறது. ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ் ஏறும் இடத்துக்குச் சத்திரம் பஸ் நிலையம் என்று பெயர். வழிப்போக்கனுக்குச் சோறு போட்ட இடத்தின் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குகிறோம். பசித்தால் பக்கத்து ஹோட்டலுக்குப் போகிறோம்.

நட்சத்திர ஹோட்டல்களும் திருச்சிக்கு வந்துவிட்டன. குளிர்ந்த அறை, வெள்ளைத் துணி விரித்த மேஜை, குனிந்து வரவேற்கும் சிப்பந்தி. அங்கே ஒரு வேளைக்குக் கொடுக்கும் பணத்தில் ஓர் ஏழைக் குடும்பம் ஒரு வாரம் சாப்பிடலாமே என்று முணுமுணுக்கிறவர்கள் உண்டு. கணக்கு தப்பல்ல. ஆனால் கேள்வி அந்தக் கணக்கோடு முடிந்துவிடுமா? விலை கொடுத்து வாங்கும் உபசாரம் உபசாரம்தானா?

முதலில் விலையின் பக்கம் நின்று பேசுவோம். பழைய சத்திரங்களைப் புகழும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். அவற்றுள் பல, பசியைக் கேட்குமுன் ஜாதியைக் கேட்டன. பணம் வாங்கிய இடங்களும் வெகுகாலம் அப்படியே செய்தன. ரயில் நிலையச் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணருக்கு ஓர் இடம், மற்றவருக்கு ஓர் இடம் என்றிருந்த ஏற்பாடு, பெரியாரின் இயக்கத்தார் போராடிய பிறகு 1941-ல்தான் நீங்கியது. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, ஜாதியையும் மதத்தையும் காரணம் காட்டி எவரையும் ஹோட்டல் வாசலில் நிறுத்தக்கூடாது என்றது. அதன் பிறகு காசு கொடுத்தவன் யாருக்கும் நன்றிக்கடன் படாமல் உட்கார்ந்து சாப்பிட்டான். இது சின்ன விஷயமா? தர்மம் கொடுக்க மறுத்த தலைநிமிர்வை விலை கொடுத்தது.

ஆனால் விலையும் ஒரு மதில் எழுப்பத்தான் செய்கிறது. கரீபியன் கடலில் பிரெஞ்சுக்காரரின் குவாதலூப் தீவு இருக்கிறது. 1854 முதல் தமிழர்கள் பலர் கரும்புத் தோட்டக் கூலிகளாக அங்கே கப்பலேறினார்கள். அவர்கள் வழியாக வந்த மசாலாக் கறிக்கு அங்கே 'கொலொம்போ' என்று பெயர். கொழும்பு நகரத்தின் பெயர் அது என்பாரும் உண்டு. நம் குழம்பேதான் என்பாரும் உண்டு. இன்று உல்லாசப் பயணிகள் கடலைப் பார்த்த விடுதிகளில் அமர்ந்து அதைச் சுவைக்கிறார்கள். சுவைக்கட்டும். ஆனால் கரும்பு வெட்டிவிட்டு வந்து அந்தக் குழம்பைக் கொதிக்க வைத்தவள் அந்தப் பில்லில் எந்த வரியில் இருக்கிறாள்?

நம்முடைய தீவுக்கு வருவோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஸ்ரீரங்கம் கோயிலில் 2012-ல் நாள் முழுவதும் அன்னதானம் செய்யும் திட்டம் தொடங்கியது. பந்தியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். வசதியுள்ளவன் உட்காரக் கூசுகிறான். சாப்பாட்டில் குறை ஒன்றும் இல்லை. பக்கத்து இலைக்காரனைப் பார்த்துத்தான் கூச்சம். பெரிய ஹோட்டலில் நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு, அந்தப் பக்கத்து இலை இல்லாமல் இருப்பதற்காகவும்தான்.

சித்திரை வீதியில் எனக்குத் தெரிந்த அம்மாள் ஒருவர். எண்பது வயது நிறைந்த அன்று, பிள்ளை அவரை அப்படியொரு ஹோட்டலுக்கு அழைத்துப் போனார். சாப்பிட உட்காரும்போதே மணி மூன்று. பரிமாற வந்த பையனைப் பார்த்து அம்மாள், "நீ சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டார்.

பையன் 'மேடம்' என்று சொல்ல மறந்துவிட்டான். "எங்களுக்கு அப்புறம்தான், பாட்டி."

"அம்மா, அதெல்லாம் இங்கே கேட்கக்கூடாது" என்றார் பிள்ளை.

"ஏண்டா, அதுக்கும் தனியா சார்ஜ் பண்ணுவாளா?"

வேடிக்கையான கேள்விதான், ஆனால் தேசமே அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஹோட்டல் பில்லில் சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் விதித்தது. 2025-ல் தில்லி உயர்நீதிமன்றம் அது சரி என்றது. சேவைக்கு மனம் உவந்து கொடுக்கலாம், பறிக்கக்கூடாது என்பது சட்டம் கண்ட நியாயம். சாப்பிடுகிறவனைச் சட்டம் காப்பாற்றிவிட்டது. பரிமாறுகிறவனை?

காசு கொடுத்துச் சாப்பிடுவதில் பாவம் ஒன்றும் இல்லை. காசோடு கணக்குத் தீர்ந்தது என்று எழுந்துவிடுவதில்தான் பாவம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உணவின் விலையைக் கொடுத்தோம். அதைக் கொண்டுவந்தவனுக்கும் ஒரு வயிறு உண்டு என்ற நினைப்பு அந்த விலையில் அடங்கவில்லை. அதை நாம்தான் கொண்டுபோக வேண்டும். பரிமாறுகிறவன் பட்டினியாய் நிற்க, உட்கார்ந்தவன் உண்பது எத்தனை ஆயிரம் ரூபாய்ச் சாப்பாடானாலும் விருந்து ஆகாது.