நாண வேண்டியது எதற்கு?



மாலை சத்சங்கம் முடிந்து வீடு திரும்பும் ஓர் இளைஞனை நினைத்துப் பாருங்கள். ஆரத்தி மணி முழங்கியபோது அவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டான். பஜனையின்போது அவன் உடல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. பெரியவர் ஒருவர் நலம் விசாரித்தார். அவர் முகத்தைப் பாராமலே விடையளித்தான். யாரோ சிரித்தார்கள். அன்றிரவு முழுவதும் அந்தச் சிரிப்பே அவன் செவியில் ஒலிக்கிறது. ‘நான் ஏன் இப்படி இருக்கிறேன்?’ என்று குமைகிறான். அடுத்த வாரம் அவன் வரவில்லை.

அவனுக்கு ஆட்டிசம். அது பெற்றோர் வளர்த்த முறையால் வந்த குறையன்று. மூளை வளரும் விதத்திலேயே அமைந்த வேறுபாடு. பிறர் எளிதில் தாங்கும் ஒலி அவனைக் கடுமையாகத் தாக்கக்கூடும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் ஏற்று உரிமைகளை வழங்கியுள்ளது. ஆனால் உள்ளே அரிக்கும் வெட்கத்தைச் சட்டம் போக்கிவிடாது. அதற்கு விசாரம் வேண்டும்.

கீதையின் 16-ஆம் அத்தியாயத்தில் தெய்வீக குணங்களைக் கூறும் பகவான், நாணத்தையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறார். திருவள்ளுவரும் நாணுடைமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். அவர் போற்றுவது தகாத செயலுக்குக் கூசும் நாணத்தை. பிறந்த இயல்புக்காகக் கூசுவது அந்த நாணமன்று; பிறர் பார்வையை நம் மனத்தில் குடியேற்றிக்கொண்ட துன்பம் அது.

ஸ்ரீமத் பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்தில் ஜடபரதரின் வரலாறு வருகிறது. உலகம் அவரை மந்தன் என்று இகழ்ந்தது. மன்னன் ரகூகணனின் பல்லக்கைச் சுமக்க அவரைப் பிடித்துச் சென்றனர். வழியில் உள்ள உயிர்களை மிதித்துவிடாதபடி பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைத்ததால், மற்றவர்களின் நடையோடு அவர் நடை இசையவில்லை. பல்லக்குக் குலுங்கியது. மன்னன் ஏளனம் செய்தான். பின்னர் சினந்து மிரட்டினான். பரதரோ சிறிதும் கூசவில்லை. இளைப்பும் பருமையும் உடலுக்கே, ஆன்மாவுக்கு இல்லை என்று அமைதியாக விளக்கினார்.

பரதர் தாமே விரும்பி ஜடம்போல் இருந்தார். நம் இளைஞனோ தன் இயல்பைத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த வேறுபாட்டை மறக்கலாகாது. ஆயினும் நடை இசையாமை பாவமன்று என்னும் பாடம் அவனுக்கும் உரியது.

ஆதலால், வெட்கம் எழும்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: ‘என்னால் யாருக்கேனும் தீங்கு நேர்ந்ததா?’ நேர்ந்திருந்தால் மன்னிப்புக் கேளுங்கள். அத்துடன் அது தீர்ந்தது. நேரவில்லையெனில் அந்த வெட்கம் உங்களுடையதன்று. இயல்பை மறைத்துக்கொண்டு அமர்ந்திருப்பதிலேயே ஆற்றல் முழுவதும் செலவழிந்தால், நாமம் சொல்ல என்ன மிஞ்சும்? வாயிலருகே அமருங்கள், மணியோசையின்போது வெளியே நில்லுங்கள். தேவையானதைத் தயங்காமல் கேளுங்கள். தன்னைத் தானே தாழ்த்திக்கொள்ளலாகாது என்பதும் கீதை ஆறாம் அத்தியாயத்தின் உபதேசமே.

மற்ற அன்பர்களுக்கும் ஒரு சொல். உண்மை விளங்கியதும் ரகூகணன் என்ன செய்தான்? பல்லக்கிலிருந்து இறங்கி வணங்கினான். நாண வேண்டியது சிரித்தவர்கள்தாம். அடுத்த வாரம் அந்த இளைஞனின் இடம் வெறுமையாக இருந்தால், அவன் வீடு தேடிச் சென்று அழைத்து வாருங்கள். அதுவும் வழிபாடே.