சுவரும் கதவும்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. படுக்கையில் துடிக்கும் தாயின் அருகே அமர்ந்திருக்கும் மகன் அவள் கையைப் பற்றிக்கொள்ளலாம். அவள் வலியைப் பற்றிக்கொள்ள இயலாது. இந்தப் பழமொழி என்றேனும் பொய்த்துப்போகுமா? அறிவியல் இன்று அக்கேள்வியை எழுப்பியிருக்கிறது.

2013-ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இராஜேஷ் ராவ் என்னும் அறிஞர், தம் கையை அசைப்பதாக மனத்தில் எண்ணினார். அவ்வேளை அவர் மூளையில் எழுந்த மின்குறி இணையம் வழியே சென்றது. வேறோர் இடத்தில் அமர்ந்திருந்த ஆந்திரேயா ஸ்டாக்கோவின் மூளையைக் காந்தத் துடிப்பு தூண்ட, அவர் விரல் அசைந்தது. 2014-இல் திருவனந்தபுரத்தில் இருந்த ஒருவரிடமிருந்து பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகருக்கு 'ஓலா', 'சாவ்' என்னும் வாழ்த்துச் சொற்கள் இவ்வாறே அனுப்பப்பட்டன. கையை அசைப்பதாக எண்ணினால் ஒன்று. காலை அசைப்பதாக எண்ணினால் சுழி. பெறுபவரின் கண்கள் மூடப்பட்டிருந்தும், மூளையில் விழுந்த துடிப்பால் அவருக்கு ஒளிக்கீற்றுத் தோன்றியது, அல்லது தோன்றாதிருந்தது. அவர் கூறிய குறிகளைக் கோத்துப் பார்த்தபோது அச்சொற்கள் கிடைத்தன.

இவை தொடக்கமே. மல்லிகையின் மணத்தையோ மூட்டுவலியின் நோவையோ உள்ளபடியே பிறர் மூளைக்கு அனுப்பும் கருவி இன்னும் இல்லை. ஆயினும் வழி திறந்தபின் பயணம் நிற்பதில்லை. அப்படி ஒருநாள் நம் உணர்வுகள் பயணம் செய்யுமாயின், அவற்றுக்குப் பாதுகாப்பு எது? செய்தியைக் கமுக்கக் குறியீடாக மாற்றி அனுப்பினால் போதும் என்பார் பொறியாளர். அது தேவையே. ஆனால் அது சாலைக்குக் காவல். வீட்டுக்குக் காவல் ஆகாது.

13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தாமஸ் அக்குவினாஸ், வானதூதர்கள் தம்முள் எவ்வாறு பேசிக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்தார். மனிதரின் உள்ளம் இரண்டு தடைகளால் மூடப்பட்டிருக்கிறது என்றார் அவர். ஒன்று அவரது விருப்பம். மற்றொன்று அவரது உடல். வானதூதருக்கு உடல் என்னும் தடை இல்லை. எனவே தம் எண்ணத்தை மற்றவருக்குத் தெரிவிக்க விரும்பினாலே அது பேச்சாகிவிடும். ஆயினும் விரும்பாதவரின் இதய மறைவை வானதூதரும் அறியார். இறைவன் ஒருவரே அறிவார்.

உடல் நமக்குச் சுவர். விருப்பம் நமக்குக் கதவு. புதிய கருவிகள் சுவரைத் தகர்க்கத் தொடங்கியுள்ளன. இதுவரை இரண்டும் சேர்ந்து சுமந்த காவற்பொறுப்பு, இனி கதவின்மேல் மட்டுமே விழும். 2023-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக அறிஞர்கள், கதை கேட்பவரின் மூளைப் படங்களைக்கொண்டு அக்கதையின் கருத்தை ஓரளவு சொற்களில் மீட்டனர். அவர் மனத்தை வேறொன்றில் செலுத்தி ஒத்துழைக்க மறுத்தபோது, அம்முயற்சி தோற்றது. கதவு இன்னும் உறுதியாகவே இருக்கிறது. எந்நாளும் அப்படியே இருக்கும் என்று யார் உறுதி கூறுவார்?

கள்வனை மட்டும் நாம் அஞ்சினால் போதாது. "என்மேல் அன்பிருந்தால் ஏன் மறைக்கிறாய்?" என்று கேட்கும் கணவரையும், "மறைக்க ஒன்றுமில்லையேல் திறந்து காட்டலாமே" என்னும் முதலாளியையும் எண்ணிப் பார்க்கவேண்டும். மனச்சான்றை, மனிதர் கடவுளோடு தனித்திருக்கும் உள்ளறை என்று கண்டது இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும், துறவற சபைத் தலைவர் தம் உறுப்பினரை மனச்சான்றைத் திறந்துகாட்டுமாறு எவ்வகையிலும் தூண்டலாகாது என்கிறது. அவர்களே மனமுவந்து திறக்கலாம், தலைவர் வற்புறுத்தலாகாது. ஆன்மாக்கள்மீது பெரும் அக்கறை கொண்ட அன்னையே தனக்கு இவ்வரம்பை விதித்துக்கொண்டாள். சிலி நாடு 2021-இல் மூளையின் செயல்பாட்டுக்கும் அதிலிருந்து பெறும் தகவல்களுக்கும் அரசியலமைப்பிலேயே காப்பு வழங்கியதும் இவ்வழியில்தான்.

பிறர் வலியை உணர முடிந்தால் உலகில் இரக்கம் பெருகாதா என்று கேட்கலாம். நல்ல சமாரியர் உவமையில் குருவும் லேவியரும் அடிபட்டவரைக் கண்டனர். கண்டும் விலகிச் சென்றனர். அவர்களிடம் குறைந்தது அறிவன்று. சமாரியர் அவர் வலியைத் தம் உடலில் உணரவில்லை. ஆயினும் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயங்களைக் கட்டினார். பிறர் வலி நம்முள் பாய்ந்தால், முதலில் கருவியைக் கழற்றி எறியவே நம் கை எழக்கூடும். மேலும், அனுப்பக்கூடிய வலி திணிக்கவும் கூடியது. கொடியவர் கையில் அது புதிய சித்திரவதையாகும்.

இதனால் இக்கருவிகளே தீயவை என்று கூறவில்லை. வாய் பேச இயலாத நோயாளி தம் வலியைத் தெரிவிக்கத் துணைபுரியுமாயின், அது ஆசீர்வாதமே. ஏனெனில் அங்கே ஒருவர் கதவைத் திறக்க விரும்பியும் சுவர் தடுக்கிறது. அச்சுவரை அகற்றுவது அன்பு. கதவை உடைப்பது அன்பாகாது.

இதயங்களை எல்லாம் அறிந்த ஆண்டவரே, யோவானின் காட்சியில் வாயிலுக்கு வெளியே நின்று தட்டுகிறார். உள்ளிருப்பவர் குரல் கேட்டுத் திறக்கும்வரை நிற்கிறார். தாயின் படுக்கையருகே அமர்ந்திருக்கும் மகனும் அதைத்தான் செய்கிறான். "எங்கே வலிக்கிறது, அம்மா?" என்று அவன் கேட்கிறான். அந்தக் கேள்வியும் ஒரு தட்டுதலே. எந்தக் கருவி வந்தாலும், அக்கேள்வியைக் கேட்டுவிட்டு விடைக்குக் காத்திருக்கும் பொறுமையை நாம் இழந்துவிடலாகாது.