இரக்கம் போதுமா?

திரைப்படம் கருத்துப் போரின் கூர்வாள் என்பதை 1949-இல் ‘வேலைக்காரி’யும் 1952-இல் ‘பராசக்தி’யும் நாட்டுக்கு உணர்த்தின. அந்த வாளை ஏந்துவோர் யார், யாருக்காக ஏந்துகின்றனர் என்று கேட்கும் உரிமை நமக்குண்டு, கடமையும் உண்டு.

2021-இல் ‘ஜெய் பீம்’ வெளிவந்தது. 1993-இல் காவலர் கொடுமைக்குப் பலியான இராசாக்கண்ணுவின் வழக்கே அதன் கரு. கண்டோர் கலங்கினர், இருளர் எனும் குடியின் அவலத்தை அன்றுதான் அறிந்தோர் பலர். அப்பணியைப் பாராட்டுகிறோம். ஆயினும் இராசாக்கண்ணு இருளர் அல்லர், வேறு குடியினர். தலைமை வேடங்களை ஏற்றோரும் இருளர் அல்லர். ஒருவர் துயரம், இன்னொருவர் பெயர், மூன்றாமவர் முகம்!

“நடிப்பென்றாலே வேடந்தானே? மன்னன் வேடத்துக்கு மன்னனையா தேடுகிறோம்?” என்பர் சிலர். மன்னனுக்கு மறுக்கப்பட்ட மேடை எது? இருளர் மகளொருத்தி திரையில் மருத்துவராக, நீதிபதியாகத் தோன்றும் நாள் வரட்டும். அன்று அந்த வாதத்தை நாமே வழிமொழிவோம்.

தாம்பரத்துக்குத் தெற்கே செங்கற்பட்டு வரையிலும், கிழக்கே கடலோரம் வரையிலும் இருளர் வாழ்கின்றனர். பாம்புத் தோல் வாணிகத்தைச் சட்டம் தடுத்தபோது பிழைப்பிழந்த அம்மக்களுக்காக, 1978-இல் வடநெம்மேலிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்த நஞ்சைக்கொண்டு செய்யும் மருந்து நாடெங்கும் உயிர் காக்கிறது. அக்குடியின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் அமெரிக்காவின் புளோரிடா வரை சென்று மலைப்பாம்பு பிடித்தனர். 2023-இல் பத்மசிறீ விருது பெற்றனர்.

மந்திரமா இது? மாயமா? இல்லை. கண்டு, ஆய்ந்து, தலைமுறை தலைமுறையாய்த் தேர்ந்த பட்டறிவு! பகுத்தறிவாளர் தலைவணங்க வேண்டிய அறிவு. திரையுலகமோ இவர்களை அடிபடவும் அழவுமே அழைக்கிறது. அறிஞராக அழைத்ததுண்டா?

இரக்கம் மேலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கும். சமத்துவம் தோளோடு தோள் நிற்கும். கதை எழுதும் அறையிலும், ஒளிப்பதிவுக் கருவியின் பின்னும், ஊதியப் பட்டியலிலும் அவர்களுக்கு இடம் வேண்டும். அதுவரை, எவ்வளவு கண்ணீர் சிந்தினாலும் அது கடன் வாங்கிய கதைக்குக் கட்டும் வட்டியே, முதல் அடைபடாது.

தாம்பரத்து இளைஞர்களே! படிப்பகங்களில் இத்தகைய படங்களைத் திரையிடுங்கள். அடுத்த ஊர் இருளர் தோழர்களை முன்வரிசையில் அமர்த்துங்கள். படம் முடிந்ததும் ஒலிபெருக்கியை அவர்களிடம் கொடுங்கள். பேசியது போதும், இனி நாம் கேட்போம்!