பிடித்து விட்ட மீனும் பிடிக்காமல் விட்ட மீனும்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே கவுண்டியின் கொன்னமாரா வட்டாரத்தில், ஏரிகளையும் ஓவன்மோர் ஆற்றையும் தன்னுள் அடக்கிக் கிடக்கும் பாலினஹின்ச் எஸ்டேட்டின் உரிமையாளர் வரிசையில், ஒன்றுக்கொன்று பொருந்தாதவர்களாகத் தோன்றும் இருவர் இடம்பெறுகின்றனர். ஒருவர் ரிச்சர்ட் மார்ட்டின் (1754–1834): கால்நடைகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் சட்டத்தை 1822இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றவைத்தவர், 1824இல் லண்டனில் உருவான விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் நிறுவனர்களுள் ஒருவர், அதே வேளையில் துப்பாக்கிச் சண்டைகளுக்கும் பேர்போனவர். மற்றவர், அந்தச் சங்கம் உருவாகி நூறாண்டு கழித்து 1924இல் அந்த எஸ்டேட்டை விலைக்கு வாங்கிய நவாநகர் மன்னர் ரஞ்சித்சிங்ஜி. ரஞ்சிக் கோப்பை யார் பெயரால் ஆடப்படுகிறதோ அதே கிரிக்கெட் வீரர். அவரை அங்கே இழுத்தது சால்மன் மீன். 1933இல் இறக்கும்வரை கோடைதோறும் அங்கு வந்து தங்கிய அவர், தூண்டில்காரர்கள் நின்று வீசுவதற்கென ஆற்றோரத்தில் சிறு மேடைகளையும் குடில்களையும் எழுப்பினார். மார்ட்டினின் சட்டம் குதிரை, கழுதை, மாடு, ஆடு ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு அளித்தது. அதில் மீனுக்கு இடம் இருக்கவில்லை. தன் மகிழ்ச்சிக்காக ஓர் உயிரைக் காயப்படுத்தி, அந்த உயிரினம் அழியாதிருக்கத் தன் செல்வத்தையும் செலவிடும் மனிதனின் பற்று எத்தகையது என்ற கேள்வி, அந்த ஆற்றங்கரையில் இன்றும் தீரவில்லை.

கேள்வியின் கூர்மை புரிய மீனின் வாழ்க்கையை அறிந்தாக வேண்டும். அட்லாண்டிக் சால்மன் குளிர்காலத்தில், ஓடும் நன்னீரின் அடியில், சரளைக் கற்களை வாலால் கிளறிப் பறித்த குழியில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் ஆற்றிலேயே பெரும்பாலும் இரண்டாண்டு வளர்ந்து, உப்புநீரைத் தாங்கும்படி உடலியக்கம் மாறி, வெள்ளி நிறம் பூண்டு, வசந்தத்தில் கடலுக்கு இறங்குகின்றன. நார்வேக் கடலிலும் கிரீன்லாந்தை ஒட்டிய நீரிலும் இரை தேடிக் கொழுத்தபின், ஓராண்டோ அதற்கு மேலோ கழித்துப் பிறந்த ஆற்றுக்கே திரும்புகின்றன. கடலில் ஒரே ஒரு குளிர்காலத்தைக் கழித்துத் திரும்பும் மீனுக்குக் கிரில்ஸ் என்று பெயர். ஆற்றுக்குள் நுழைந்தபின் சால்மன் உண்பதில்லை. முட்டையிடும்வரை பல மாதங்கள் உடலில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே அது காலந்தள்ளுகிறது.

உண்ணாத மீன் தூண்டிலில் ஏன் வாய் வைக்கிறது என்பதற்கு ஐயமற்ற விடை இதுவரை இல்லை. இறகும் விலங்கு மயிரும் மினுமினுக்கும் உலோக இழையும் சேர்த்துத் தூண்டில் முள்ளின்மேல் கட்டப்படும் பொருளே செயற்கை ஈ. சால்மனுக்கெனக் கட்டப்படும் ஈக்களில் பல எந்தப் பூச்சியையும் ஒத்திருப்பதில்லை. பசியில்லாத பூனையும் அசையும் நூலை அடிப்பதுபோல், எரிச்சலோ பழைய பழக்கத்தின் எச்சமோ மீனை அதன்மேல் பாயவைக்கிறது என்று ஊகிக்கப்படுகிறது. ஆகவே இந்த வகைத் தூண்டிலில் இரை காட்டி ஏமாற்றும் உறுதிகூட இல்லை. கனமான நூலின் எடையைக் கொண்டே ஈயைத் தூரத்தில் வீசி, நீரோட்டத்தின் குறுக்கே அதை நகர்த்தி, ஓரடி கீழே இறங்கி மீண்டும் வீசுவதாகவே நாள் கழிகிறது. மீன் படாத நாட்களே அதிகம். மழை பெய்து ஆறு ஏறி வடியும் அந்தச் சில மணி நேரத்துக்காக, கில்லி எனப்படும் ஆற்றுத்துணைவரின் சொல்லைக் கேட்டுக் காத்திருப்பதும் இக்கலையின் ஒரு பகுதியே. இவ்வளவு பொறுமையைக் கேட்கும் செயலை வெறும் கொடுமை என்று தள்ளிவிடுவது எளிது, ஆனால் சரியன்று.

எனினும் மீனின் பக்கத்தில் நிற்கும் நியாயம் இலேசானதன்று. டிரவுட் மீனின் முகத்திலும் உதட்டிலும் காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதை ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வகத்தில் லின் ஸ்னெடனும் சக ஆய்வாளர்களும் நிறுவி, 2003இல் வெளியிட்டனர். அந்த உணர்வை வலி என்று கொள்ளலாமா என்பதில் அறிவியலாளரிடையே வாதம் இன்னும் நடக்கிறது. டிரவுட் சால்மனின் நெருங்கிய உறவு. திரும்ப விடும் எண்ணத்தோடு தூண்டில் போடுவதையே சுவிட்சர்லாந்து சட்டத்தால் தடுத்திருக்கிறது; உணவுக்காகப் பிடிப்பது அங்கே குற்றமன்று, விளையாட்டுக்காக வதைப்பதே குற்றம். அயர்லாந்தின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே ஒவ்வோர் ஆறும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள எத்தனை மீன்கள் முட்டையிட வேண்டும் என்பது காப்பு வரம்பாகக் கணக்கிடப்படுகிறது. வரம்புக்கு மேல் மீன் வரும் ஆறுகளில் மட்டுமே கொன்று எடுத்துச்செல்ல அனுமதி உண்டு. சற்றுக் குறைந்தவற்றில் பிடித்து விட்டுவிடலாம். மிகக் குறைந்தவை மூடப்படுகின்றன. விட்டுவிட வேண்டிய ஆறுகளில் புழு கூடாது. முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் கூரும் கூடாது, ஏனெனில் அதுவே கழற்றும்போது சதையைக் கிழிப்பது. ஒரே செயலை ஒரு நாடு கொடுமை என்கிறது, மற்றொரு நாடு காப்பு என்கிறது. முன்னது தனி மீனைப் பார்க்கிறது, பின்னது மீனினத்தைப் பார்க்கிறது.

மீனை நீரில் வைத்தபடியே முள்ளைக் கழற்றி, தலையை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்து, அது தானே நீந்தும்வரை காத்திருக்கும் தூண்டில்காரரிடம் உண்மையான கனிவு இருக்கிறது. ஆயினும் அவர் துறந்தது என்ன என்று கேட்டால், துறந்தது இறைச்சி மட்டுமே. கட்டணம் செலுத்தி எஸ்டேட்டில் மீன் பிடிக்க வரும் விருந்தினருக்கு இறைச்சி தட்டுப்பாடான பொருளன்று. அவர் நாடி வந்தது நூல் இறுகும் அந்தக் கணம். அது முழுமையாக அவருக்குக் கிடைத்துவிடுகிறது. ஆகவே பிடித்து விடுவதைத் தியாகமாகச் சொல்லும் பேச்சு, அந்தச் செயலின் தகுதிக்கு மேற்பட்டது.

இழந்தவர் என்று பார்த்தால், கடலோரத்தில் வலை போட்டுப் பிழைத்தவர்களே நினைவுக்கு வருகின்றனர். ஆறுகளுக்குத் திரும்பும் சால்மனைக் கடலிலேயே மறிக்கும் மிதவைச் செவுள் வலைகளை அயர்லாந்து 2007ஆம் ஆண்டு முதல் தடைசெய்தது. பல ஆறுகளின் மீன்கள் கலந்து வரும் கடலில், நலிந்த ஆற்றின் மீன் எது, செழித்த ஆற்றின் மீன் எது என்று வலைக்குத் தெரியாது; எனவே தடைக்கு வலுவான அறிவியல் காரணம் இருந்தது. இழப்பீடும் வழங்கப்பட்டது. ஆனால் வலையைக் கீழே வைத்தவர் தொழிலையே இழந்தார். தூண்டில் கோலை வைத்திருந்தவரோ அதைத் தொடர்ந்து வைத்திருந்தார். தடையை ஏற்போர்கூட இந்த வேறுபாட்டை மறைக்காமல் சொல்வதே நேர்மை.

இந்த வேறுபாட்டுக்குப் பின்னே நிற்பது ஆற்றின் உடைமை வரலாறு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இயற்றப்பட்ட நிலச் சட்டங்களின்கீழ் அயர்லாந்தின் குத்தகை உழவர்கள் நிலத்துக்கு உரிமையாளர் ஆனபோது, மீன்பிடி உரிமையைப் பல நிலக்கிழார்கள் தம்மிடமே நிறுத்திக்கொண்டனர். கரை உழவருடையது, அதை ஒட்டி ஓடும் நீரின் மீன் வேறொருவருடையது என்ற விந்தை இப்படித்தான் நிலைத்தது. எர்ன் ஆற்று முகத்துவாரத்தின் தனியுரிமையை எதிர்த்து உள்ளூர் மீனவர்கள் 1930களில் வழக்காடி, அயர்லாந்து உச்ச நீதிமன்றத்தில் வென்றனர். ஆனால் பின்னர் அந்த ஆற்றில் எழுந்த நீர்மின் அணைகள் சால்மன் வரத்தையே நலியச் செய்தன. வென்ற உரிமையும் மீன் இருந்தால்தானே பயன்படும். பொதுவுடைமை ஆற்றைக் காக்கும் என்றோ தனியுடைமை காக்கும் என்றோ ஒரே அடியாக முடிவுகட்ட இந்த வரலாறு இடந்தருவதில்லை.

தனியார் எஸ்டேட்டுகளுக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லியாக வேண்டும். ஆற்றின் ஒரு பகுதியில் ஒரு நாளைக்கு இத்தனை தூண்டில்தான் என்று வரையறுப்பதும், இரவில் வலை வைத்துத் திருடுவோரைத் தடுக்கக் காவல் வைப்பதும், முட்டையிடும் சரளையைச் சேறு மூடாமல் பார்ப்பதும், கரையில் நிழல் மரம் வளர்ப்பதும், விருந்தினர் தரும் கட்டணம் இல்லாமல் நடப்பது கடினம். இந்த உழைப்பில் பெரும்பகுதி எந்தத் தூண்டில்காரரும் வராத குளிர்காலத்துக்கு உரியது. சால்மன் பிடிப்பதற்கான நல்ல நியாயம், மீனை விடும் அந்த ஒரு நிமிடத்தில் இருப்பதைவிட, ஆளற்ற அந்த மாதங்களின் வேலையில்தான் இருக்கிறது.

ஆனால் எஸ்டேட்டின் எல்லை ஆற்று முகத்தோடு முடிந்துவிடுகிறது. 1989இல் கொன்னமாராவின் ஆறுகளில் கடல் டிரவுட் திடீரென நொடித்துப்போனது. விரிகுடாக்களில் மிதக்கும் கூண்டுகளில் வளர்க்கப்படும் சால்மன்களிடமிருந்து பரவிய கடற்பேன்களே காரணம் என்று ஆற்று உரிமையாளர்கள் கூற, வளர்ப்போர் அதை மறுக்க, சண்டை நீண்டுகொண்டே போனது. கடல் வெப்பமும் இரையின் மாற்றமும் எந்த நிலக்கிழாரின் கைக்கும் எட்டாதவை. 1975இல் அயர்லாந்துக் கரைக்குத் திரும்பிய சால்மன்கள் 17 லட்சத்துக்கும் மேல். 2022இல் 2 லட்சத்துக்கும் குறைவு. அட்லாண்டிக் சால்மன் அழிவு அச்சுறுத்தலுக்கு அண்மித்த நிலையில் இருப்பதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2023 டிசம்பரில் வகைப்படுத்தியது.

இந்த நிலையில் எஸ்டேட்டின் பற்றைச் சோதிக்கும் தருணங்கள் வேறாகின்றன. கோடையில் ஆற்று நீரின் வெப்பம் 20 பாகை செல்சியஸைத் தாண்டும்போது ஆக்சிஜன் குறைந்து, போராடிக் களைத்த மீன் விட்டபின்னும் இறந்துபோக நேரிடும். அத்தகைய நாளில் கட்டணம் செலுத்தி வந்தவரைக் கோலைக் கீழே வைக்கச் சொல்லும் எஸ்டேட், பிடித்து விடச் சொல்லும் எஸ்டேட்டைவிடக் கூடுதலாக ஒன்றை இழக்கிறது. அதைவிடக் கடுமையான சோதனை ஆறு முழுவதுமாக மூடப்படும் ஆண்டில் வருகிறது. அப்போது கோலும் இல்லை, விருந்தினரும் இல்லை, கட்டணமும் இல்லை. சரளையைக் கவனிக்கவும் காவலுக்கு ஆள் வைக்கவும் பணம் மட்டும் வேண்டியிருக்கிறது. பிடிக்கும் இன்பத்தை விலையாகப் பெற்றே இதுவரை நடந்த அந்த வேலையை, இன்பம் ஏதுமின்றி எத்தனை உரிமையாளர்கள் தொடர்வார்கள் என்பதை, மூடப்பட்ட ஆறுகளின் கரையில்தான் எண்ணிப் பார்க்க முடியும்.