சண்டாக் மலையில் ஒரு சாட்சி

தியானப் பகுதி: 2 கொரிந்தியர் 1:3-11

விசுவாசியின் வாழ்வில் பாடுகள் வரும்போது முதலில் எழும் கேள்வி, "ஏன்?" என்பதே. "என்ன பாவம் செய்தேன்?" என்று நோய்ப்படுக்கையில் கிடப்பவர் கேட்கிறார். ஜெபிக்க வருகிறவர்களும் சில வேளைகளில் அதையே வேறு வார்த்தைகளில் கேட்டுவிட்டுப் போகிறார்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அது நல்ல ஊழியம். பேசத் தொடங்கிய பின்புதான் எல்லாம் கெட்டது! பிறவிக் குருடனைக் குறித்துச் சீஷர்கள் போட்ட பாவக் கணக்கையும் ஆண்டவர் ஏற்கவில்லை (யோவான் 9).

அப்போஸ்தலனாகிய பவுல், ஆசியாவில் தமக்கு நேரிட்ட உபத்திரவத்தை மறைக்கவில்லை. பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போகுமளவுக்குப் பாரம் அழுத்தியதாக எழுதுகிறார். ஆனால் அது ஏன் வந்தது என்று ஆராய்வதைவிட, அதில் தமக்குக் கிடைத்த ஆறுதல் யாரைச் சென்றடைய வேண்டும் என்பதிலேயே அவருடைய கண் இருக்கிறது. தேவன் தேற்றுவது, தேற்றப்பட்டவன் அந்த ஆறுதலோடு ஒதுங்கிக்கொள்வதற்காக அல்ல. வேறெந்த உபத்திரவத்திலும் இருப்பவர்களை அவன் தேற்றுவதற்காகவே.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த மேரி ரீட், 1884-ல் மெதடிஸ்ட் மிஷனெரியாக இந்தியாவுக்கு வந்து கான்பூரில் ஊழியம் செய்தார். உடல்நலம் குன்றி 1890-ல் தாய்நாடு திரும்பினார். அங்கே சிகிச்சை பெற்றுவந்த நாட்களில்தான் விரலில் மதமதப்பும் கன்னத்தில் ஒரு படையும் எதைக் காட்டுகின்றன என்பதை உணர்ந்தார். தொழுநோய் என்று மருத்துவர்களும் உறுதிசெய்தனர். அன்று அதற்கு மருந்து இல்லை. ஒரு சகோதரியைத் தவிர வீட்டில் எவருக்கும் சொல்லாமல், பெற்ற தாயிடமும் மறைத்து, 1891-ல் மீண்டும் இந்தியாவுக்குக் கப்பலேறினார். அந்தப் பயணத்தில் அவர் இருதயம் பட்ட பாட்டை யார் அளவிட முடியும்?

அவர் சென்று சேர்ந்த இடம் குமாவுன் மலைப்பகுதியில், பித்தோராகர் ஊருக்கு மேலே உள்ள சண்டாக். அங்கிருந்த தொழுநோயாளர் இல்லத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. வீட்டாராலும் ஊராராலும் ஒதுக்கப்பட்டவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு இரக்கம் காட்டியவர்கள் முன்பும் உண்டு. இப்பொழுதோ, அவர்களுக்கு வந்த அதே நோயைத் தன் சரீரத்தில் சுமந்த ஒருவர் அவர்கள் நடுவில் குடியிருந்தார்.

இந்த ஊழியத்துக்காகவே தேவன் அவருக்குத் தொழுநோயைக் கொடுத்தார் என்று சொல்லிவிடுவது எளிது. பிறர் வேதனைக்கு அப்படி விளக்கம் எழுத எவருக்கும் அதிகாரம் இல்லை. தனக்கு நேரிட்டதை அழைப்பாக ஏற்கும் உரிமை வேதனைப்படுகிறவருக்கே உண்டு. மேரி ரீட் அப்படியே ஏற்றுக்கொண்டார்.

தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி பவுல் மூன்று தரம் வேண்டினார். முள் நீங்கவில்லை, கிருபை கிடைத்தது. மேரி ரீடின் காரியம் சற்றே வேறுவிதமாக நடந்தது. சண்டாக்குக்கு வந்த பிறகு அவருடைய நோய் பல ஆண்டுகள் அடங்கியிருந்தது. அந்த ஆண்டுகளிலும் அவர் அந்த ஊழியத்தை விட்டுவிடவில்லை. 1943-ல் தம் 88-ஆம் வயதில் மரிக்கும்வரை, ஏறக்குறைய ஐம்பத்திரண்டு ஆண்டுகள், அந்த மலையே அவருக்கு வீடாயிருந்தது.