அணியைக் கண்டு அஞ்சாதே!

வத்திராயிருப்பில் பிறந்துவிட்டு, "அணி இலக்கணம் எனக்கு வராது" என்கிறாயா?

உன் வாயில் அது வராத நாள் எது?

பிளவக்கல் அணை நிரம்பினால் என்ன சொல்கிறாய்? "கடல் மாதிரி கெடக்கு!" அணை உவமேயம். கடல் உவமானம். 'மாதிரி' உவம உருபு. முடிந்தது, உவமையணி!

"அணையாடா அது? கடல்டா!" என்கிறான் பக்கத்தில் நிற்பவன். உருபு போயிற்று. இரண்டும் ஒன்றாயிற்று. உருவகம்!

"வெயில் மண்டையைப் பிளக்குது" என்கிறாய். யார் மண்டை பிளந்தது? உயர்வு நவிற்சி!

நீ சாக்குச் சொன்னால் பாட்டி என்ன சொல்கிறாள்? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

ஆட்டத்தையா பேசினாள்? உன்னைப் பேசினாள்! உவமானத்தை மட்டும் சொல்லி, உன்னைச் சொல்லாமல் சொன்னாள். அதுதான் பிறிது மொழிதல்.

பிறகு எதற்குப் பயம்? பெயர்களைக் கண்டா? அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் வகுத்த பொருளணிகளே 35தான். கிரிக்கெட் வீரர்கள் பெயர் உனக்கு எத்தனை தெரியும்?

"வாத்தியார் சரியில்லை." "புத்தகம் புரியவில்லை." போதும், நிறுத்து!

பக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஆண்டாள் திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில் மழையை அழைக்கிறாள். கறுத்த மேகத்துக்குத் திருமாலின் மேனி. மின்னலுக்குச் சக்கரம். இடிக்குச் சங்கு. பொழியும் மழைக்குச் சார்ங்க வில்லின் அம்புகள்.

ஒரே பாசுரத்தில் நான்கு உவமைகள்! மேற்கு மலையில் கறுத்துத் திரளும் மேகத்தை நீயும்தானே பார்க்கிறாய்?

இன்றே அந்தப் பாசுரத்தை எடு. எதைச் சொல்கிறாள்? எதோடு ஒப்பிடுகிறாள்? உருபு எங்கே? கேள்!

எதனால் ஒப்புமை? அதையும் கேள். வினை, பயன், மெய், உரு என நான்கைத் தந்தார் தொல்காப்பியர். மேகமும் மேனியும் நிறத்தால் ஒத்தன: உரு. மழையும் அம்பும் பாய்ச்சலால் ஒத்தன: வினை. மின்னலும் சக்கரமும், இடியும் சங்கும் எதனால் ஒத்தன? நீ கண்டுபிடி!

தப்பாகுமா? ஆகட்டுமே! உவமையை உருவகம் என்று எழுதி மதிப்பெண் போனதா? ஏன் போனது? உருபைப் பார்க்கத் தவறினாய். அடுத்த முறை உன் கண் முதலில் அங்கேதான் போகும்.

தற்குறிப்பேற்றம் பிடிபடவில்லையா? சிலப்பதிகாரத்தில் மதுரைக் கொடிகள் காற்றில் ஆடின. ஊருக்குள் வரும் கோவலனை 'வராதே' என்று அவை தடுத்ததாக இளங்கோ சொன்னார். இயல்பாக நடந்ததன்மேல் தன் குறிப்பை ஏற்றினார். அவ்வளவுதான்! இன்னும் புரியவில்லையா? மறுபடி படி. மறுபடியும் படி!

தோற்றவன் கற்பான். தொடாதவன் எப்படிக் கற்பான்?

பேனாவை எடு. இன்று நீ பேசியதில் ஐந்து வரி எழுது. ஒவ்வொன்றிலும் அணி தேடு, பெயர் போடு. தெரியவில்லையா? புத்தகத்தைத் திற.

படுக்கப் போகுமுன் ஐந்தையும் முடி!